மேட்டு லயத்துப் பைப் சம்பந்தமாகத் தலைவர் நின்றுகொண்டே வாசிக்க வேண்டிய கடிதம்

இத்தால் சகலருக்கும் அறியத் தருவது யாதெனில், மேட்டு லயம் கடைசிக் காம்பராவில் காலைத் தேத்தண்ணிக்குச் சீனி போடுவது மறு அறிவித்தல் வரை நிறுத்தப்பட்டுள்ளது. காரணம் தெரிவிக்கப்படவில்லை. கடித்துக்கொள்ளச் சக்கரைத் துண்டாவது தரும்படி கேட்ட விண்ணப்பமும் நிராகரிக்கப்பட்டது. சீனி டின் அடுப்பு மாடத்தில், எனக்குக் கை எட்டுகிற உயரத்திலேயே இருக்கிறது. அதன் மூடிமேல் ஒரு ரப்பர் கொட்டை காவலுக்கு இருக்கிறது. அந்தக் கொட்டையைத் தாண்டிப் போக எனக்குத் தைரியம் இல்லை.

அன்புள்ள மகனே, நான் இதை எழுதும் நேரம் நீ ரம்புக்கனையில், உன் ஸ்கூல் குவாட்டர்ஸில், கரண்டி நட்டுக்க நிற்கும் அளவுக்குச் சீனி போட்டுக் குடித்துக்கொண்டிருப்பாய். அதை நினைத்தால்தான் எனக்கு வயிறு எரிகிறது. குற்றம் செய்தவன் நீ, கசப்பைக் குடிக்கிறவன் நான். உன்னை இந்தத் தோட்டத்துச் சங்கத்துக்குத் தலைவராக்கியதே நான்தான் என்பதால் வெளியில் சொல்லவும் முடியவில்லை. என் பிள்ளை தலைவர் என்று கொடகவெல டவுன் வரை சொல்லித் திரிந்தேன். தலைவராகத்தான் உட்கார வைத்தேன், தலைவலியாக எழும்பியிருக்கிறாய்.

நடந்தது உனக்குத் தெரியும். இருந்தாலும் முறைப்படி சொல்கிறேன். நீதான் முறை பார்க்கிற ஆள் ஆயிற்றே. பிரதேச சபையிலிருந்து வந்த மாத்தயா நம்முடைய டிவிஷனுக்குக் குடிதண்ணீர்ப் பைப் போடலாம் என்றார். எத்தனை என்று நம்முடைய மேட்டு லயத்துப் பாக்கியம் கேட்டாள். ‘எக்காய், எக்காய் தமாய்’ என்று ஒரு விரலைத் தூக்கிக் காட்டி, அந்த ஒன்றை எங்கே வைப்பதென்று நீங்களே பேசி முடிவு செய்யுங்கள் என்று சொல்லிவிட்டு ஜீப்பில் ஏறிவிட்டார். ஒரு பைப். பள்ளத்து லயத்து ஆட்கள் கோயிலடியில் வேண்டும் என்றார்கள். அவர்களுக்குப் பீலி பக்கத்திலேயே இருக்கிறது. ஓடையிலிருந்து மூங்கில் போட்டு இறக்கிய தண்ணீர், கையை நீட்டினால் குளிக்கலாம். மேட்டு லயத்துப் பெண்கள் தங்கள் லயத்து வாசலில் வேண்டும் என்றார்கள். அவர்கள் அந்தப் பீலியில் பிடித்த தண்ணீரை வழுக்குப் படியெல்லாம் ஏறி மேலே கொண்டுவர வேண்டும். உன் அம்மா முழங்காலில் துணியைச் சுற்றிக்கொண்டு ஏறுகிறாள். ரப்பர் மலையில் வாழ்க்கை முழுக்கப் பால் வெட்டிய முழங்கால் அது. பாதி வழியில் பக்கெட்டை இறக்கி வைத்துவிட்டு, யாராவது பார்த்தால் சேலையைச் சரி செய்கிற மாதிரி நிற்பாள். நீயும் பார்த்திருக்கிறாய். பார்க்காத மாதிரி நின்றிருக்கிறாய்.

நம்முடைய சங்கத்தில் கை தூக்கி வாக்களிப்பது கிடையாது. யார் கை தூக்கினார்கள் என்று பார்த்து வைத்து, மறுநாள் மலையில் பழி தீர்த்த கங்காணிகள் இருந்த காலத்தில் நான் கொண்டு வந்த ஏற்பாடு அது. பகலில் பிள்ளைத் தொட்டில் ஆடுகிற, நாங்கள் கூட்டம் போடுகிற பிள்ளைக் காம்பராவில் சேலைத் தடுப்புக்குப் பின்னால் இரண்டு பால் வாளி. ஒன்றின் காதில் சிவப்புத் துணி, மற்றதன் காதில் வெள்ளைத் துணி. கொட்டை விழும் சத்தம் கேட்காமலிருக்க அடியில் சாக்கு. ஒரு குடும்பத்துக்கு ஒரு காம்பரா, காம்பராவுக்கு ஒரு ரப்பர் கொட்டை. அன்றைக்குச் சிவப்பு என்றால் கோயிலடி, வெள்ளை என்றால் மேட்டு லயம். நான் போய்ப் போட்டுவிட்டு வந்து உட்கார்ந்தேன். அப்புறம்தான் உன் அம்மா எழும்பினாள். எங்கே பொறுக்கினாளோ, அவள் கையிலும் ஒரு கொட்டை இருந்தது.

“தம்பி, நானும் போட்டுடவா? தண்ணி தூக்குறது நாந்தானே.”

நீ தலையைத் தூக்கவில்லை. கையிலிருந்த அச்சுத் தாளைப் பார்த்தபடியே சொன்னாய்: “அம்மா, காம்பராவுக்கு ஒரு கொட்டைதான். நம்மளத அப்பா போட்டாச்சி. சபை ஒழுங்குன்னு ஒண்ணு இருக்குல்ல, ஒக்காருங்க.”

அவள் உட்கார்ந்தாள். கொட்டையை முந்தானையில் முடிந்துகொண்டாள். எண்ணிப் பார்த்தபோது கோயிலடி ஒரே ஒரு கொட்டையில் ஜெயித்தது. பள்ளத்து லயம் கை தட்டியது. நீ தீர்மானம் நிறைவேறியது என்று சொல்லிக் கையெழுத்தைப் போட்டுவிட்டு, பின்னேர பஸ்ஸுக்கு ஓடிவிட்டாய். அவள் முடிந்து கொண்டு வந்த அந்தக் கொட்டைதான் இன்றைக்குச் சீனி டின் மேல் உட்கார்ந்திருக்கிறது.

இப்போது கேள். இந்தக் கடிதத்தை நீ தனியாக வாசித்து மடித்து வைத்துவிடலாம் என்று நினைக்காதே. இதை உறையில் போட்டு, ஒட்டி, செயலாளர் கையில் கொடுத்திருக்கிறேன். அங்கத்தவர் ஒருவர் எழுதித் தரும் கடிதத்தைத் தலைவர் கூட்டத்தில் எழும்பி நின்று, முதல் எழுத்திலிருந்து கடைசி எழுத்து வரை நிறுத்தாமல் வாசிக்க வேண்டும் என்பது நம்முடைய சட்டம். ஆகவே இந்த வரியை நீ பிள்ளைக் காம்பராவில், எல்லாருக்கும் முன்னால், நின்றுகொண்டுதான் வாசித்துக்கொண்டிருக்கிறாய். நிமிர்ந்து நில். குனிந்தால் பின் வரிசை வாங்கில் இருப்பவர்களுக்குக் கேட்காது. மாரிமுத்து அண்ணன் சிரிக்கிறாரா? சிரிக்கட்டும். இந்தச் சட்டம் வந்ததே அவரால்தான். அவர் தலைவராக இருந்தபோது, அவர்மேல் வரும் புகார்க் கடிதங்களில் ‘அன்புடையீர்’ வரை வாசித்துவிட்டு, ‘மீதி நலம் விசாரிப்பு’ என்று மடித்துப் பையில் போட்டுக்கொள்வார்.

சட்டம் சட்டம் என்கிறாயே, அந்தச் சட்டம் எங்கிருந்து வந்தது என்று உனக்குத் தெரியுமா? தொண்ணூற்று இரண்டில் சங்கம் தொடங்கியபோது கூட்டம் என்றால் கூச்சல். யாருக்குத் தொண்டை பெரிதோ அவருக்குத்தான் தீர்மானம். நான் ஒரு வழக்கில் சாட்சி சொல்ல இரத்தினபுரிக் கோட்டுக்குப் போக வேண்டியிருந்தது. வழக்கை இன்னொரு நாளுக்குத் தவணை போட்டார்கள். பஸ் வரும்வரை ஒதுங்க நூலகத்துக்குள் போனேன், வெளியே அப்படி மழை. அங்கே பாராளுமன்றத்தின் நிலையியற் கட்டளைகள் என்ற புத்தகம் தமிழில் இருந்தது. யார் எப்போது எழும்பலாம், யார் யாரைப் பார்த்துப் பேச வேண்டும், ஒரு பிரேரணையை யார் வழிமொழிய வேண்டும், எல்லாம் அதில் இருந்தது. வீட்டுக்குத் தர மாட்டோம் என்றார்கள். ஒரு சீ.ஆர். கொப்பி வாங்கினேன். வழக்குத் தவணை போட்ட ஒவ்வொரு முறையும் போய் உட்கார்ந்து கையால் பார்த்து எழுதினேன். என் அதிர்ஷ்டம், பாதிப் புத்தகத்தில் வழக்குக்காரர்கள் சமாதானமாகிவிட்டார்கள். அதற்குமேல் இரத்தினபுரிக்குப் போகக் காரணமும் இல்லை, பஸ் காசும் இல்லை. அதனால்தான் நம்முடைய சட்டம் பாதி பாராளுமன்றம், மீதி பிள்ளைக் காம்பரா. சமாதானமாய்ப் போன அந்த இரண்டு பேரையும் நான் இன்னும் மன்னிக்கவில்லை.

அந்தக் கொப்பியில் ஒவ்வொரு பக்கத்திலும் மூன்று விரல் அகலத்துக்கு ஓரம் விட்டேன். இதைக் காது கொடுத்துக் கேள், இங்கேதான் நீ கவிழ்ந்தாய். எழுதிய சட்டத்தை அழிக்கக் கூடாது, தாளைக் கிழிக்கக் கூடாது என்று முதல் கூட்டத்திலேயே பேசிக்கொண்டோம். எங்காவது இடித்தால், புதிதாக முடிவு செய்ததை அந்தச் சட்டத்துக்கு நேரே ஓரத்தில், முன்மொழிந்தவர் பேரோடு எழுத வேண்டும். நடுவில் இருப்பது பாராளுமன்றம். ஓரத்தில் இருப்பதுதான் நாங்கள். நடுவில், ‘அங்கத்தவர் ஒழுங்குப் பிரச்சினை எழுப்பலாம்’ என்று இருக்கும். ஓரத்தில், ‘ஒழுங்குப் பிரச்சினை என்று எழும்பி வடை எப்போது வரும் என்று கேட்கக் கூடாது’ என்று இருக்கும். அது என்னால் வந்தது. மாரிமுத்து அண்ணன் பேச வாயைத் திறக்கும்போதெல்லாம் எழும்பிக் கேட்பேன். நடுவில், ‘அங்கத்தவர் சான்றுகளைச் சபையில் சமர்ப்பிக்கலாம்.’ ஓரத்தில், ‘உயிருள்ள கோழி நீங்கலாக.’ கோழி யாருடையது என்ற சண்டையில் பாக்கியம் கோழியையே தூக்கி வந்து மேசையில் விட்டாள். சான்று கூட்ட அறிக்கைமேல் முட்டையிட்டது. அப்புறம் முட்டை யாருடையது என்று ஒரு கூட்டம்.

‘காம்பராவுக்கு ஒரு கொட்டை’ என்பது கொப்பியின் பின் பாதியில், நாங்களே எழுதிய சட்டங்களோடு, நடுவில் இருக்கிறது. மாரிமுத்து அண்ணன் தன் வீட்டிலிருந்த மச்சான்மார் எல்லாரையும் வரிசையாக நிற்க வைத்த அன்றைக்கு வந்த சட்டம் அது. அதற்கு நேரே ஓரத்தில் என்ன இருக்கிறது தெரியுமா? ‘கொட்டையைப் போடப் போவது யார் என்பதைக் காம்பராவில் இருப்பவர்கள் முன்கூட்டிப் பேசிக்கொண்டு வர வேண்டும்.’ பேசிக்கொண்டு வர வேண்டும், மகனே. தகப்பன் போட வேண்டும் என்று எங்கும் இல்லை. நீ என்ன செய்தாய்? போன வருடம் கொப்பியைத் தூக்கிக்கொண்டு கம்யூனிகேஷன் கடைக்குப் போய், டைப் அடித்து, பளபளவென்று பிளாஸ்டிக் உறை போட்டுக் கொண்டு வந்தாய். நானும் பல்லைக் காட்டிக்கொண்டு வாங்கிப் பார்த்தேன். நடு இருக்கிறது, ஓரத்தைக் காணவில்லை. கேட்டதற்கு, “அது கிறுக்கல்தானேப்பா, விட்டுட்டேன்” என்றாய். கிறுக்கினவன் உன் கிறுக்கு அப்பன், விடு. அங்கே பேர் போட்டவர்களில் பாதிப் பேர் செத்தே போனார்கள். அவர்கள் வாய் கிழியச் சண்டை பிடித்து வாங்கிய வரிகள், உனக்கு டைப் அடிக்கிற பிள்ளையிடம் காட்ட வெட்கமாய்ப் போயிற்று. படித்த பிள்ளை என்றால் எதை விட வேண்டும் என்று தெரிந்திருக்க வேண்டும். நீ வேண்டியதையெல்லாம் விட்டுவிட்டு, விட வேண்டியதற்கு உறை போட்டிருக்கிறாய்.

உனக்கு இந்தச் சட்டப் பைத்தியம் எப்போது பிடித்தது என்று யோசித்துப் பார்த்தேன். நெளியாமல் வாசி, வரப்போகிற மருமகள் காதுக்கும் எட்டட்டும். உனக்கு ஏழெட்டு வயது. கூட்டத்துக்கு வந்து மேசைக்கு அடியில் படுத்துக்கொண்டு வடை தின்பாய், மேலே நாங்கள் கத்துவதைக் கேட்டுக்கொண்டே. ஒரு நாள் வீட்டில் பால்மா டின்னைக் கவிழ்த்துவிட்டாய். அம்மா அகப்பையை எடுத்துக்கொண்டு வந்தாள். நீ கதிரைமேல் ஏறி, கையை நீட்டி, “ஒழுங்குப் பிரச்சினை!” என்று கத்தினாய். அம்மா “பிரச்சினை நீதான்டா, ஒழுங்கு இந்தா வருது” என்று அகப்பையைக் காட்டினாள். ஆனால் அடிக்கவில்லை. சிரிப்பு வந்து, அடுப்பு மாடத்தைப் பிடித்துக்கொண்டு உட்கார்ந்துவிட்டாள். அன்றைக்கு உன் ஒழுங்குப் பிரச்சினையைக் கேட்டு அகப்பையை இறக்கியவளைத்தான், போன கூட்டத்தில் நீ ஒழுங்கு சொல்லி உட்கார வைத்தாய். அவள் உன்னை ஏசவில்லை. ஏசியிருந்தால் நான் இந்தக் கடிதத்தை எழுதியிருக்கவே மாட்டேன், பேசாமல் இனிப்பாய்த் தேத்தண்ணி குடித்துக்கொண்டிருப்பேன்.

வைகாசியில் உனக்குக் கல்யாணம். இந்த நேரத்தில் தகப்பன் புத்தி சொல்ல வேண்டுமாம், சொல்கிறேன். உனக்கும் ஒரு காம்பரா வரும், அதற்கும் ஒரே ஒரு கொட்டைதான் கொடுப்பார்கள். அதை யார் போடுவதென்று வாசலைத் தாண்டும் முன்னாலேயே பேசிக்கொள். பேசாமல் நீயே எடுத்துக்கொண்டு போனால், ஜெயித்துவிட்டு வந்தாலும் வீட்டில் தோற்றவன் மாதிரித்தான் உட்கார்ந்திருப்பாய். இன்னொன்று. அந்தப் பிள்ளை விடுமுறைக்கு இங்கே வரும்போது, முதல் நாளே உன் அம்மா அதன் கையில் பக்கெட்டைக் கொடுக்க மாட்டாள். தானே தூக்கப் போவாள். அந்தப் பிள்ளை விடாது, பின்னாலேயே போகும். அப்போது இரண்டு பேர் அந்தப் படியில் சேலையைச் சரி செய்துகொண்டு நிற்பார்கள். நீ வாசலில் நின்று பிளாஸ்டிக் உறையைத் துடைத்துக்கொண்டிரு.

இனி விஷயத்துக்கு வருகிறேன். கூட்டம் முடிந்ததும் பாக்கியம் உன்னிடம் வந்து, இந்தப் பைப் விஷயத்தை மறுபடி எடுக்க முடியாதா என்று கேட்டாள். முடிந்தது முடிந்ததுதான் அக்கா, சட்டம் அப்படி என்று சொல்லிவிட்டாய். நடுவில் அப்படித்தான் இருக்கிறது. ஓரத்தைப் பார்க்கிறாயா? கொப்பியைச் செயலாளரிடம் கொடுத்திருக்கிறேன், அவரே திறந்து காட்டுவார். ‘முடிந்த தீர்மானத்தைத் தோற்ற பக்கத்தார் திறக்கக் கூடாது. ஜெயித்த பக்கம் கொட்டை போட்டவர் ஒருவர், தான் போட்டது இன்ன வாளியில் என்பதைத் தானே வெளிப்படையாகச் சொல்லி, மனம் மாறிவிட்டது என்று கேட்டால் மறுபடி எடுக்கலாம். எழுத்தில் தந்தாலும் செல்லும்.’ கோயிலுக்கு லவுட்ஸ்பீக்கர் வாங்க வேண்டும் என்று கேட்டுத் தோற்ற மாரிமுத்து அண்ணன், ஒவ்வொரு கூட்டத்திலும் அதையே திரும்பத் திரும்பக் கொண்டு வந்ததால் எழுதியது. முன்மொழிந்தவர் பேரைப் பார். உன் அப்பன். அன்றைக்கு எனக்குக் கை தட்டினார்கள்.

இதைப் பாக்கியத்திடமும் அம்மாவிடமும் மறுநாள் காலையில் வீட்டில் வைத்து, மார்பைத் தட்டிக்கொண்டு நான்தான் எடுத்துச் சொன்னேன். வழி இருக்கிறது, பயப்படாதீர்கள், இந்தச் சங்கத்தில் பழம் தின்று கொட்டை போட்டவன் நான், மேட்டு லயத்துப் பெண்களுக்கு நியாயம் கேட்க ஒரு ஆம்பிளை இருக்கிறான் என்றேன். பாக்கியம் சந்தோஷமாகப் போனாள், யாராவது பள்ளத்து லயத்து ஆளின் காலில் விழப் போகிறேன் என்று. உன் அம்மா மட்டும் போகவில்லை. தேத்தண்ணியை என் முன்னால் வைத்தாள்.

“ஜெயிச்ச பக்கத்துல ஒருத்தருக்காச்சும் மனசு மாறாமயா போயிரும்” என்றாள். “பொறுத்துப் பாப்போங்க.”

குடித்துப் பார்த்தேன். சீனி இல்லை.

குற்றம் செய்தவன் நீ, கசப்பைக் குடிக்கிறவன் நான் என்று மேலே எழுதினேன் அல்லவா, அதை அடித்துவிடலாம் என்று பார்த்தால் அழிக்கக் கூடாது என்பது சட்டம். ஓரத்தில் எழுதுகிறேன், வாசி. மேட்டு லயத்து வாசல் என்றால் அது நம்முடைய காம்பரா வாசல்தான். அங்கே பைப் வந்தால், விடியக்காலையில் லயத்துப் பக்கெட் எல்லாம் என் ஜன்னலுக்குக் கீழே வரிசையாக நிற்கும். சண்டை, சிரிப்பு, தகரச் சத்தம். பென்ஷன் காலத்தில் நான் நிம்மதியாய்ப் படுத்துக்கொண்டு கேட்கிற ஒரே ஒரு ரேடியோச் செய்தியும் கேட்காது. என் ஒரு கொட்டையால் என்ன ஆகிவிடப் போகிறது, மேட்டு லயம் எப்படியும் ஜெயிக்கும் என்று நினைத்தேன். மகனே, கொட்டை போட்டவன்தான் நான். சிவப்புத் துணி கட்டிய வாளியில் போட்டேன்.

அவளுக்கு எப்படித் தெரியும் என்று கேட்காதே. தடுப்பு இருந்தது, சாக்கு இருந்தது, எல்லாம் சரியாகத்தான் இருந்தது. ஆனால் அன்று பின்னேரம் நான் யாரும் கேட்காமலே பக்கெட்டை எடுத்துக்கொண்டு பீலிக்குப் போய்த் தண்ணீர் கொண்டு வந்தேன். கல்யாணம் கட்டி வந்த நாளிலிருந்து அவள் அப்படி ஒன்றைக் கண்டதில்லை. பக்கெட்டைப் பார்த்தாள், என்னைப் பார்த்தாள், மறுநாளிலிருந்து சீனியை நிறுத்திவிட்டாள்.

ஆகவே, தலைவர் அவர்களே, கோயிலடிக்குக் கொட்டை போட்டவன் என்ற முறையில், என் மனம் மாறிவிட்டதென்று எழுத்தில் தந்து, பைப் விஷயத்தை மறுபடி எடுக்கும்படி கேட்கிறேன். வழிமொழிய ஆள் இருக்கிறதா என்று கேளுங்கள். எங்கள் காம்பராக் கொட்டையை இந்த முறை யார் போடுவதென்று பேசிக்கொள்ளவில்லை. பேச எனக்கு வாய் இல்லை. அம்மா முன் வாங்கில்தான் இருப்பாள், கொட்டை அவள் முந்தானையில் இருக்கும். என்னைத் தேட வேண்டாம். நீ உறையைப் பிரிக்கும்போதே பக்கெட்டை எடுத்துக்கொண்டு பீலிக்கு இறங்கியிருப்பேன். முடிவைச் சொல்ல யாரையும் அனுப்பாதே. காலையில் தேத்தண்ணியைக் குடித்துப் பார்த்துத் தெரிந்துகொள்கிறேன்.

இப்படிக்கு,
தொண்டை காய்ந்துபோன தலைவரின் அப்பா